படிச்சு முடிச்சு ஒண்ணேகால் வருஷம்தான் ஆச்சு, சென்டர் இன்சார்ஜ் ஆகச் சொல்றாங்க. எதை முதல்ல கத்துக்கணும்?

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல்முறையா எழுதுறேன்.

நான் பி.எட். சிறப்புக் கல்வி, அறிவுசார் குறைபாடு பிரிவு. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு எண் கைக்கு வந்து ஒண்ணேகால் வருஷம் ஆகுது. டெல்டா பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தோட பகல்நேரப் பயிற்சி மையத்துல வேலை. 42 பேர் வர்றாங்க. சின்னவனுக்கு 4 வயசு, பெரியவருக்கு 31. ஆசிரியர்கள் அஞ்சு பேர், பிசியோ வாரத்துக்கு மூணு நாள், ஆயா அக்காக்கள் நாலு பேர், வேன் ஒண்ணு.

எங்க ஒருங்கிணைப்பாளர் மேடம் வேற வேலை கிடைச்சுப் போறாங்க. வெள்ளிக்கிழமை செயலாளர் சார் கூப்பிட்டு, "நீ டிகிரி படிச்சிருக்க, கம்ப்யூட்டரும் தெரியும், வர்ற ஒண்ணாம் தேதியில இருந்து நீயே இன்சார்ஜ்"னு சொல்லிட்டார். சம்பளத்துல 2,000 ரூபாய் கூடும்.

சந்தோஷப்படணும். ஆனா மூணு நாளா தூக்கம் வரல. என்கூட இருக்குற ஒரு டீச்சருக்கு 19 வருஷ அனுபவம். ஆயா அக்காக்கள் எங்க அம்மாவை விட மூத்தவங்க. காலேஜ்ல, பிள்ளைகளோட திறனை மதிப்பிடுற எம்.டி.பி.எஸ். பட்டியலோட 18 பிரிவும் 360 திறனும் மனப்பாடம். ஐ.இ.பி. (ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போடுற கல்வித் திட்டம்) எழுதுவேன், பாடக்குறிப்பு எழுதுவேன். ஆனா போன மாசம் வரைக்கும் ஒரு பையனுக்குச் சரியா சோறூட்டக்கூட எனக்குத் தெரியாது. பெருமூளை வாதம் உள்ள பையன். தலையைப் பின்னாடி சாய்ச்சு ஊட்டிட்டிருந்தேன், தினம் புரையேறும். ஆயா அக்கா பார்த்துட்டு வந்து, கழுத்துக்குப் பின்னாடி துண்டைச் சுருட்டி வச்சு, முகவாய் லேசா நெஞ்சைப் பார்க்குற மாதிரி குனிய வச்சாங்க. ஸ்பூனை நடுநாக்குல வச்சு மெதுவா அழுத்திட்டு, அவனே உதட்டால எடுக்குற வரைக்கும் காத்திருந்தாங்க. அன்னைக்கு ஒரு தடவைகூட இருமல. அந்த அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. அவங்களுக்கு நான் மேல அதிகாரி!

எனக்கு முன்னாடி படிச்ச ரெண்டு பேர் இப்படித்தான் இன்சார்ஜ் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள இந்தத் துறையையே விட்டுப் போயிட்டாங்க. எனக்குப் போக விருப்பமில்லை. எதை முதல்ல கத்துக்கணும்னு சொல்லுங்க.

---

கரும்பலகை | திங்கள், காலை 6:15

முதலில் வாழ்த்துகள்மா. பயப்படுகிற பெண்ணைத்தான் நான் நம்புவேன்.

இந்தத் துறையில் எனக்கு 27 வருடம். உன் கேள்விக்கு என் முதல் வருடத்துத் தவறு ஒன்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். என் வகுப்பில் 17 வயதுப் பெண் ஒருத்தி, பேச்சு கிடையாது. திடீரென்று கையைக் கடித்துக்கொள்வாள், ரத்தம் வரும் வரை விடமாட்டாள். நான் புதிதாகப் படித்துவிட்டு வந்தவள் அல்லவா, ஏ.பி.சி. அட்டவணை போட்டேன். முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதன் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். கடித்ததும் எல்லோரும் ஓடிவருவதைப் பார்த்து, "கவனத்தை ஈர்க்கும் நடத்தை" என்று முடிவு கட்டினேன். கடித்தால் யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று திட்டம் எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் வாங்கினேன்.

நான்கு மாதம் அப்படியே நடந்தது. ஒருநாள் கைகழுவும் இடத்தில் ஆயாம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதுக்கு நாள் வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள்தான் டீச்சர் இப்படிப் பண்ணும். வயித்தைப் பிடிச்சுக்கிட்டே திரியும், பாவம்."

ஓடிப்போய் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். தேதிகள் எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தன. 28 நாள், 29 நாள், 28 நாள். முன்னால் என்ன நடந்தது என்ற கட்டத்தில் "வகுப்பு மாற்றம்", "பொம்மை பறிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேனே தவிர, காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனோம், மாத்திரை கொடுத்தார், வெந்நீர்ப் பை வைத்தோம். அடுத்த மாதம் கை தப்பித்தது. நான்கு மாதம் அந்தப் பெண் வலியால் துடித்ததை, பார்க்காதே என்று எழுத்துமூலம் உத்தரவு போட்டவள் நான்.

ஆயாம்மாவுக்கு முதல் நாளே தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எல்லோரும் கூடிப் பேசும் கேஸ் கான்பரன்ஸ் நடக்கும்போது அவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

எனவே, பதவி ஏற்றதும் நீ செய்யவேண்டிய முதல் வேலை, கேஸ் கான்பரன்ஸில் ஆயா அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுவது. அவர் பேசும்போது நீயே குறிப்பெடு. எம்.டி.பி.எஸ். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நம்ம சென்னையில் உருவானது, பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடிகிற திறனை மட்டும் எழுது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனால் அந்தக் கண் யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். பாதி நேரம் அது ஆயாம்மாவின் கண்தான்.

---

நேர்கோடு | திங்கள், மதியம் 1:30

கரும்பலகை அம்மா மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா இந்த இழை போற திசை எனக்குக் கவலையா இருக்கு. நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடிச்சு நாலு வருஷம். எங்களுக்குக் கிடைக்குற அறிவுரை எப்பவும் "பொறுமையா இரு, அடிமட்டத்துல கத்துக்கோ, சேவையா நினை". இந்த மூணு சொல்லை வச்சே எத்தனை பிள்ளைகளைச் சக்கையாப் பிழிஞ்சிருக்காங்க!

காவிரிக்கரை, உங்ககிட்ட திறமை இருக்கான்னு நீங்களே சந்தேகப்படுறீங்க. நான் கேக்குறது வேற. உங்களுக்கு லீவு கொடுக்குற அதிகாரம் உண்டா? அவசரத்துக்கு எத்தனை ரூபாய் வரைக்கும் யாரையும் கேக்காம செலவு பண்ணலாம்? வகுப்பும் எடுத்துட்டு இன்சார்ஜாவும் இருக்கணுமா? 42 பேருக்கு அஞ்சு டீச்சர், அதுல ஒருத்தர் நீங்கதான்னா உங்க வகுப்பை யார் பார்ப்பாங்க? சாதாரணப் பள்ளிகளுக்கே, தொடக்க நிலையில 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதுக்கு மேல 15 பேருக்கு ஒருத்தர்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம மையங்கள்ல அதை விடக் கூடுதல் ஆதரவு வேணும்கிற பிள்ளைகள்தானே வர்றாங்க.

அரசுத் திட்டத்துல வேலை பாக்குற சிறப்பாசிரியர்களே வருஷக்கணக்கா தொகுப்பூதியத்துல இருக்காங்க. தொண்டு நிறுவனத்துல கேக்கவே வேண்டாம். பெரும்பாலும் பெண்கள், அதனால யாரும் சத்தம் போடமாட்டாங்கன்னு ஒரு நினைப்பு.

எதையும் ஏத்துக்குறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்குங்க. என்ன பொறுப்பு, என்ன அதிகாரம், உங்களுக்கு மேல யார், வாரத்துல எத்தனை மணி நேரம் அவங்க உங்களோட உட்காருவாங்க. இது இல்லாம இன்சார்ஜ்னு பேர் வந்தா, தப்பு நடக்குற அன்னைக்கு மாட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்னு அர்த்தம்.

---

கரும்பலகை | திங்கள், மாலை 5:50

நேர்கோடு தம்பி சொல்வது சரி. எழுத்தில் வாங்கு என்று நானே முதலில் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதனாலேயே அது எனக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

---

முகிலனின் அப்பா | திங்கள், இரவு 9:20

என் பையனுக்கு 26 வயசு. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. மூணு மையம் மாறியாச்சு. பெத்தவன் பக்கத்துல இருந்து சொல்றேன், கேட்டுக்கோம்மா.

ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒரு புது டீச்சர் வருவாங்க. "பிரசவம் எப்படி சார்? அழுதானா? எத்தனை மாசத்துல தலை நின்னுச்சு?" 22 வருஷமா இதே கேள்விக்குப் பதில் சொல்றேன். என் மனைவி இப்போ அந்த ரூமுக்கே வரமாட்டேங்கிறா. பழைய ஃபைல் பீரோவுலதான் இருக்கும், யாரும் எடுத்துப் படிக்கிறதில்லை. நீ இன்சார்ஜ் ஆனதும் 42 ஃபைலையும் படி. ஒரு நாளைக்கு ரெண்டு படிச்சா ஒரு மாசத்துல முடிஞ்சுரும்.

அடுத்தது, ஐ.இ.பி. இங்கிலீஷ்ல இருக்கும். கையெழுத்துப் போடுங்கம்பாங்க, போடுவேன். நான் லேத் பட்டறை வச்சிருக்கேன், எனக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு பொண்ணு மட்டும், உன் வயசுதான் இருக்கும், தமிழ்ல எழுதிக் கொண்டுவந்து என் பட்டறையிலேயே உட்கார்ந்து படிச்சுக் காட்டுச்சு. "சட்டைப் பித்தான் போடக் கத்துக்கொடுக்கலாம்னு இருக்கோம், உங்களுக்கு இதைவிட முக்கியமா எதுவும் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பித்தான் கிடக்கட்டும்மா, ராத்திரி அவன் தானா பாத்ரூம் போய்ட்டு வந்தா அவங்கம்மா கொஞ்சம் தூங்குவான்னு சொன்னேன். ஆறு மாசம் அதையே வச்சுப் பழக்குனாங்க. இப்போ தானா போறான்.

அந்தப் பொண்ணுதான், நம்ம பிள்ளைகளுக்குன்னு இருக்குற நிரமயா காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துச்சு. அதுவரைக்கும் ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு இருக்குன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்லை. யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று, இதெல்லாம் ஆசிரியர் வேலை இல்லைன்னு சொல்லிராத. கலெக்டர் ஆபீஸ்ல எந்த ஜன்னல்ல நிக்கணும்னு தெரிஞ்சவங்கதான் எங்களுக்குத் தலைவர்.

எனக்கு 61 ஆகுது. எங்களுக்குப் பிறகு அவன் எங்கே இருப்பான்? இதை நானா வாய்விட்டுக் கேக்குற வரைக்கும் காத்திருக்காம நீயே எடுத்துப் பேசு. எல்லா அப்பனும் ராத்திரி இதைத்தான் நினைச்சுட்டுப் படுப்பான்.

---

மெல்லப் பேசுபவன் | செவ்வாய், காலை 11:05

நான் பெருமூளை வாதம் உள்ளவன். வயது 34. ஒரு விரலால் தட்டச்சு செய்கிறேன், எனவே சுருக்கமாக.

முகிலனின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் இதே பயத்தோடுதான் இருந்தார். ஆனால் பாதுகாவலர் சான்றை யு.டி.ஐ.டி. அட்டையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். உண்மைதான். அதன் பிறகு 2007இல் இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதன் 12ஆம் பிரிவு, எங்களுக்கும் எல்லோரையும் போலச் சட்டத் தகுதி உண்டு என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நான் முடிவெடுக்க எனக்கு உதவி வேண்டும். எனக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பது வேறு.

காவிரிக்கரை, உங்கள் மையத்தில் 31 வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? அவருடைய ஐ.இ.பி. கூட்டத்தில் அவர் உட்காருகிறாரா?

ஒரு வாக்கியம் பேச எனக்கு ஒரு நிமிடம் ஆகும். புதிதாக வருபவர்கள் பாதியிலேயே என் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள், பெரும்பாலும் தவறாக. பிறகு என் அம்மாவைப் பார்த்து, "தம்பி சாப்பிட்டாரா?" என்பார்கள். இப்போது ஒரு அமைப்பில் புதியவர்களைத் தேர்வு செய்யும்போது என்னையும் உட்கார வைக்கிறார்கள். நான் ஒரே ஒரு வேலை கொடுப்பேன்: "எனக்குத் தண்ணீர் வேண்டும்." எப்படிக் குடிப்பீர்கள், உறிஞ்சுகுழாய் வேண்டுமா, எந்தப் பக்கம் நிற்கட்டும் என்று என்னிடமே கேட்பவருக்கு வேலை. பட்டம் எதுவாக இருந்தாலும் சரி.

---

முகிலனின் அப்பா | செவ்வாய், மதியம் 2:40

தம்பி, நீங்க சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். முகிலனுக்கு உங்க அளவுக்குச் சொல்லத் தெரியாதுப்பா. வங்கிக் கணக்குக்கே பாதுகாவலர் கேக்குறாங்க, நான் என்ன பண்றது? ஆனா அவனுக்கு எது வேணும் வேண்டாம்னு காட்டத் தெரியும். போன வருஷம் ஒரு விடுதியைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனப்போ வாசல்லயே செருப்பைக் கழட்டமாட்டேன்னு நின்னுட்டான். அதை நான் பதிலா எடுத்துக்கல. இப்போ யோசிக்கிறேன்.

---

கூட்டுறவுக் கணக்கர் | செவ்வாய், இரவு 8:12

நான் ஒரு சிறிய அறக்கட்டளையின் பொருளாளர். வங்கியில் ஓய்வு பெற்றவன். மறுபக்கத்திலிருந்து, அதாவது "நீயே இன்சார்ஜ்" என்று சொல்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே தவறைச் செய்தோம். 23 வயதுப் பெண்ணிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஏழாவது மாதம் ராஜினாமாக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது: "என் முடிவு சரியா தவறா என்று சொல்லக்கூட இங்கே ஆள் இல்லை." அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணம் எங்கே முட்டுகிறது என்பது இளையவர்களுக்கும் தெரியவேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பித்தால், எத்தனை பயனாளிகள், தலைக்கு எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். ஒருவரை இரண்டு ஆண்டு பயிற்றுவித்துத் தலைமைக்குக் கொண்டுவருவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 2020 சட்டத் திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒவ்வொரு தணிக்கையிலும் வாக்குவாதம். உள்ளூர்க்காரர்கள் தாராளமாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் சாப்பாட்டுக்கு. பிறந்தநாள், திவசம், கல்யாணநாள் என்றால் வடை பாயசத்தோடு இலை விழும். ஒரு மாதம் டீச்சர் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டால் முகம் மாறும். நாங்கள் விடாமல் கேட்டோம். இன்று பதினோரு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றிருக்கின்றன.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு வைத்திருக்கிறோம். முதல் ஆறு மாதம் மூத்த ஆசிரியரின் வகுப்பில்தான். பிறகு வீடுகளுக்குப் போவது. அதோடு ஒரு மாதம் முழுக்க வேனில் போகவேண்டும், காலையும் மாலையும். இதை ஒரு மூத்த ஆசிரியைதான் சொல்லிக்கொடுத்தார். யார் வீட்டுக் கதவை யார் திறக்கிறார்கள், எந்தக் குழந்தையை வாசலில் விட்டதும் உள்ளிருந்து சத்தம் வருகிறது, எந்தத் தாத்தா அரை மணி முன்னதாகவே தெருமுனையில் வந்து நிற்கிறார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. இரண்டாம் ஆண்டில் ஒரு முழுப் பொறுப்பை ஒப்படைக்கிறோம். பெற்றோர் கூட்டமோ வேனோ சமையலறையோ, எதுவானாலும் அதற்கான பணமும் அவர்கள் கையில் இருக்கும். நாங்கள் குறுக்கிடுவதில்லை.

வியாழன் மூன்று மணிக்கு, வெளியிலிருந்து ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர் ஒருவர் வருவார். அவருக்கும் எங்கள் நிர்வாகத்துக்கும் சம்பந்தமில்லை. இளையவர்கள் அவரிடம் எதையும் பேசலாம், அது எங்கள் காதுக்கு வராது. செய்த செலவிலேயே பயனுள்ளது இதுதான் என்பேன். கடந்த மூன்று ஆண்டில் ஒருவர்தான் விலகினார், அதுவும் மேற்படிப்புக்காக.

உங்கள் செயலாளரிடம் காட்டவேண்டுமானால் இந்தப் பதிவைக் காட்டுங்கள் அம்மா. அவர் கெட்டவராக இருக்கமாட்டார். நானும் அப்போது நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

ஸ்காபரோ குயிலி | புதன், காலை 7:33

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில. பன்னிரண்டு வருசமா குறூப் ஹோமில, அதாவது உதவி தேவைப்படுற ஆக்கள் சிலர் சேர்ந்து இருக்கிற வீட்டில, வேலை செய்யிறன். எங்கட வீட்டில நாலு பேர் இருக்கினம்.

இஞ்ச ஒன்ராறியோவில இந்த வேலைக்கெண்டு ரெண்டு வருசக் கொலிஜ் படிப்பு இருக்கு. சம்பளமும் சட்டமும் உங்களை விடக் கூடத்தான். வேலைக்குச் சேரேக்கயும், பிறகு ஒவ்வொரு வருசமும், துஷ்பிரயோகத்தை எப்பிடி அடையாளம் காணுறது, ஆருக்குச் சொல்லுறது எண்டு கட்டாயம் சொல்லித் தரவேணும். 299/10 எண்ட ஒழுங்குவிதியில இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் உள்ள ஆதரவுத் திட்டத்தை வருசத்துக்கு ஒருக்கா அவையோட இருந்து திரும்பப் பாக்கவேணும்.

ஆனா இந்தச் சட்டம் சும்மா வரேல்லை. எங்கட வீட்டில ஒரு ஐயா இருந்தவர், வெள்ளைக்காரர், எழுபது வயசு தாண்டிட்டுது. சின்னப் பிள்ளையிலயே பெரிய அரசாங்க விடுதியில கொண்டுபோய் விட்டிட்டினம். சாப்பிடேக்க இடக்கையால சாப்பாட்டுக் கோப்பையைச் சுத்தி மறைச்சுக்கொண்டு மூண்டு நிமிசத்தில முடிச்சிடுவார். நான் புதுசில "மெதுவாச் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லிச் சொல்லி அவரின்ர திட்டத்திலயும் அதை ஒரு இலக்கா எழுதினன். என்ர சூப்பர்வைசர் அதை வெட்டிப்போட்டு, ஹுரோனியாவைப் பற்றி வாசிச்சிட்டு வா எண்டு அனுப்பினா. 1876இல ஒரில்லியாவில துவங்கின விடுதி அது. ஒன்ராறியோவில கடைசியா இருந்த அப்பிடியான மூண்டு விடுதியளையும் 2009 மார்ச் 31ஓட மூடினவை. 2013 டிசம்பரில மாகாண முதல்வர் சட்டசபையில எழும்பி, அங்க இருந்தவையிட்ட மன்னிப்புக் கேட்டவ. வாசிச்சாப் பிறகு நான் ஐயாவுக்குப் பக்கத்தில இருந்து என்ர சாப்பாட்டை மெதுவாச் சாப்பிட மட்டும் செய்தன். ஒரு வருசத்துக்குப் பிறகுதான் அவர் கோப்பையில இருந்து கையை எடுத்தவர்.

அந்தச் சூப்பர்வைசர் என்னைத் திட்டேல்லை, என்ர பிழையை எல்லாருக்கும் முன்னால சொல்லவும் இல்லை. அப்பிடி ஒராள் உங்களுக்குப் பின்னால இருக்கிறாவோ எண்டு பாருங்கோ. இல்லாட்டி கணக்கர் ஐயா சொன்ன மாதிரி வெளியில தேடிப் பிடியுங்கோ.

---

வழக்குக்கட்டு | புதன், இரவு 10:01

வழக்கறிஞர். ஒரு விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பெரும்பாலான மையங்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பொறுப்பாளர் ஆகும் நாளிலிருந்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19, 21 பிரிவுகள் உங்கள் மேல் நேரடியாக வரும். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் யாராக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. "நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்ப்போம்" என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். சொன்னாலும் சிறைக்குப் போகப்போவது உங்கள் பெயர்தான். அதையும் தாண்டி, பேச முடியாத குழந்தைக்கு அந்தக் கட்டடத்தில் நீங்கள்தான் வாய்.

2016 சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி மையத்துக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று முதல் வாரமே பாருங்கள். அப்படியே எல்லா சிறப்பாசிரியர்களின் ஆர்.சி.ஐ. பதிவையும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

---

காவிரிக்கரை | 24 நாள் கழித்து, சனி, இரவு 9:48

எல்லாருக்கும் பதில் சொல்லாம இருந்ததுக்கு மன்னிக்கணும். இன்சார்ஜ் ஆகி மூணு வாரம் முடிஞ்சுது.

கணக்கர் ஐயா பதிவைப் பிரிண்ட் எடுத்துச் செயலாளர் சார்கிட்டக் கொடுத்தேன். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் கூப்பிட்டு, "எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்"னார். நேர்கோடு கேட்ட கேள்விகளை அப்படியே எழுதினேன். 3,000 ரூபாய் வரைக்கும் நானே செலவு பண்ணலாம், லீவு நான் கொடுக்கலாம், என் வகுப்புக்கு அரைநாள் ஆசிரியர் ஒருத்தர். வாரம் ஒரு மணி நேரம் வெளியாள் வேணும்கிறதுக்கு மட்டும் "பார்க்கலாம்"னு சொல்லிட்டார். சம்பளத்தைப் பத்தி இன்னும் கேக்கல. அடுத்த மாசம் கேப்பேன்.

ரெண்டாவது வாரம் காலைப் பிரார்த்தனையில ஒரு பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சு. டிரைவர் அண்ணன் இரும்புச் சாவியை எடுத்துட்டு ஓடி வந்தார், கையில திணிக்க. ஒரு டீச்சர் ஸ்பூனை வாய்க்குள்ள வைக்கப் போனாங்க. நான் "யாரும் எதையும் வைக்காதீங்க"ன்னு கத்திட்டேன். என் குரல் அப்படி வரும்னு எனக்கே தெரியாது. தலைக்குக் கீழ என் துப்பட்டாவை மடிச்சு வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். 2 நிமிஷம் 40 விநாடி. நின்னுருச்சு. அப்புறம் ஃபைலைப் பார்த்தா, மாத்திரை மாறினதை அவங்கம்மா நாலு மாசம் முன்னாடியே டைரியில எழுதி அனுப்பியிருக்காங்க. யாரும் ஃபைல்ல ஏத்தல. முகிலன் அப்பா, நீங்க சொன்ன மாதிரி படிச்சுட்டு வந்தேன், இந்தப் பொண்ணோட ஃபைலுக்கு இன்னும் வரல. இப்போ 42ம் முடிச்சாச்சு. அன்னைக்குச் சாயங்காலமே எல்லாரையும் உட்கார வச்சு ஃபிட்ஸ் வந்தா என்ன செய்யணும்னு செஞ்சே காட்டினோம். டிரைவர் அண்ணன்தான் முதல்ல தரையில படுத்துக் காட்டினார்.

மெல்லப் பேசுபவன் அண்ணா, 31 வயசுக்காரரை நாங்க எல்லாரும் "டேய்"னுதான் கூப்பிட்டுட்டிருந்தோம். நானும்தான். இப்போ "அண்ணன்". அவர் கூட்டத்துல அவரை உட்கார வச்சோம். பேச்சு கொஞ்சம்தான் வரும், படம் வச்சுக் கேட்டோம். பத்து வருஷமா மெழுகுவர்த்தி செய்யுற வேலையில இருக்கார். மெழுகுவர்த்திப் படத்தைத் தள்ளி வச்சுட்டு, தோட்டத்துல தண்ணி ஊத்துற படத்தை எடுத்து அவரே சட்டைப் பையில வச்சுக்கிட்டார். திங்கள்ல இருந்து தோட்டத்துல இருக்கார்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன பதிவுச் சான்றைத் தேடிப் பார்த்தோம். இன்னும் எட்டு மாசம் இருக்கு. புதுப்பிக்கிற வேலையை இப்பவே ஆரம்பிச்சுட்டேன்.

கரும்பலகை அம்மா, நாற்காலி போட்டாச்சு. முதல் கூட்டத்துல ஆயா அக்கா நாற்காலி நுனியில உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசல. 19 வருஷ அனுபவம் உள்ள டீச்சர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ரெண்டாவது கூட்டத்துல நான் அந்த டீச்சரையே தலைமை தாங்கச் சொல்லிட்டு, குறிப்பு மட்டும் எடுத்தேன். அவங்கதான், "அக்கா, இவன் சாப்பாட்டைப் பத்தி நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அக்கா இருபது நிமிஷம் பேசினாங்க. யார் எந்தப் பக்கம் மெல்லுறாங்க, யாருக்கு மலச்சிக்கல், எந்தப் பையன் திங்கக்கிழமை மட்டும் ரெண்டு மடங்கு சாப்பிடுறான். சனி ஞாயிறு அவன் வீட்டுல சரியா சாப்பாடு இல்லைன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போறோம், அக்காவும் வர்றாங்க.

---

கரும்பலகை | சனி, இரவு 10:30

போகும்போது அந்த வீட்டு ரேஷன் அட்டையில் பையனின் பெயர் இருக்கிறதா என்று கேளும்மா. பல வீடுகளில் சேர்க்காமலே விட்டிருப்பார்கள்.

---

கூட்டுறவுக் கணக்கர் | ஞாயிறு, காலை 6:50

வியாழன் மூன்று மணி ஆசிரியரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்கள் செயலாளர் முடிவெடுக்கும் வரை, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போனில் பேசுவதாகச் சொல்கிறார். பணம் வேண்டாம் என்கிறார். தனிச்செய்தியில் எண்ணை அனுப்பியிருக்கிறேன், இன்றே கூப்பிடுங்கள்.

---

முகிலனின் அப்பா | ஞாயிறு, காலை 9:14

அம்மாடி, நிரமயா புதுப்பிக்கிறது மார்ச் 31க்குள்ள. 42 பேர்ல யார் யாருக்கு இருக்குன்னு லிஸ்ட் போட்டு வை. ஃபாரம் நிரப்பத் தெரியாத பெற்றோர் இருந்தா சொல்லு, ஞாயித்துக்கிழமை பட்டறை லீவுதான், போன்ல கூட இருந்து நிரப்பச் சொல்லித் தர்றேன்.